புளி போட்டுத் துலக்கிய கோல்ஃப் மட்டை

1

எங்கள் ஊரில் யாராவது "அங்க இன்னா வேலை பண்றே?" என்று கேட்டால் எனக்குப் பதில் சுலபம். மீன் பதப்படுத்தும் ஆலையில் மோட்டார், பம்பு, கன்வேயர் ரிப்பேர். திண்டிவனம் பைபாஸில் என் அண்ணன் முருகேசன் போர்வெல் மோட்டார் பட்டறை வைத்திருக்கிறார். அவர் வெயிலில் பனியனோடு செய்கிற வேலையை நான் குளிரில் மூன்று சட்டை போட்டுக்கொண்டு செய்கிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் "லீவு நாள்ல இன்னா பண்றே?" என்று அடுத்த கேள்வி வந்தால் மாட்டிக்கொள்வேன். ஒருமுறை ஒலக்கூரில் ஒரு மாமாவிடம், "பழைய கோல்ஃப் மட்டைகளைப் பத்தி ஆராய்ச்சி பண்றேன் மாமா" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் இருக்கும் இந்தச் சின்னத் துறைமுக ஊருக்கு நாங்கள் வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருடம். என் மனைவி தேவி நர்ஸ். வேலை கிடைத்தது அவளுக்குத்தான். நான் அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு வந்தவன். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். இல்லையென்றால் அவள் சொல்லிவிடுவாள். வரும்போது என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த மகள் நிலா இப்போது பள்ளி முடித்துவிட்டு, கல்லூரிக்குப் போகும் முன் ஒரு வருடம் சும்மா இருக்கப்போகிறேன் என்கிறாள். நம்மூரில் அப்படி இருந்தால் வெட்டி என்பார்கள். இங்கே அதற்கும் ஒரு பெயர் வைத்து மரியாதை கொடுத்திருக்கிறார்கள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அதுவும் இந்த ஊர் ஆங்கிலம். பாதி எனக்குப் புரியாது, கௌரவமாகத் தலையாட்டிவிடுவேன்.

நேற்று எங்கள் ஊர் கோல்ஃப் அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார்கள். அருங்காட்சியகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம், இரண்டு அறைதான். அந்தப் பெட்டிக்குள் ஒரே ஒரு மட்டை இருக்கிறது. அதைப் பற்றி ஊருக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் அந்த மட்டை திண்டிவனம் போய் ஆயுத பூஜை கொண்டாடிவிட்டு வந்த மட்டை.

2

கோல்ஃப் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பை நிறைய மட்டைகள் இருக்கும். பந்தைத் தூரமாக அனுப்ப ஒன்று, மணலிலிருந்து கிளப்ப ஒன்று, இப்படி. கடைசியில் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்து நின்றதும், மெதுவாக உருட்டி உள்ளே தள்ள ஒரு தனி மட்டை உண்டு. அதற்குப் பட்டர் என்று பெயர். கோயில் பட்டரா, ரொட்டிக்குத் தடவுவதா என்று அண்ணன் கேட்டாயிற்று, நீங்கள் கேட்க வேண்டாம்.

இந்த ஊரில் கோல்ஃப் பணக்காரர் விளையாட்டு இல்லை. மீன் வெட்டுகிறவரும் ஆடுவார், பாதிரியாரும் ஆடுவார். வந்த புதிதில் ஆலை நண்பர்கள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். நான் அடித்தால் பந்தைவிட மண்தான் அதிக தூரம் போனது. உருட்டுவது மட்டும் கொஞ்சம் வந்தது. அதனால் பட்டர் மேல் ஒரு பிரியம். அப்புறம் அருங்காட்சியகத்தில் தூசி தட்டி அட்டவணை போட ஆள் இல்லை என்றார்கள். மெக்கானிகல் டிப்ளமா படித்தவன், சும்மா இருக்க முடியாமல் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, இது எவ்வளவு வேடிக்கையான சரித்திரம் என்று. மற்ற மட்டைகளெல்லாம் தூரம் போக வேண்டும் என்பதற்காக மாறியவை. பட்டர் மட்டும் மனிதனின் ஆற்றாமையால் மாறியது. இரண்டடி தூரத்தில் குழி இருக்கும், அதில் பந்து விழாது. மனிதன் தன் கையைக் குறை சொல்வானா? மட்டையைத்தான் சொல்வான். முதலில் நீண்ட மூக்கு வைத்த மரத் தலை. அப்புறம் கொல்லர்கள் இரும்புத் தகடாக அடித்தார்கள். அப்புறம் பித்தளை, செம்பும் தகரமும் கலந்த கன்மெட்டல். ஒருவன் கழுத்தை வளைத்தான். இன்னொருவன் கம்பைத் தலையின் நடுவில் கொண்டுபோய்ச் செருகினான். அது ரொம்ப நன்றாக உருட்டியதோ என்னவோ, விதி எழுதுகிறவர்கள் கோபித்துக்கொண்டு அந்த மாதிரியைப் பல வருடம் தடை செய்து வைத்தார்கள்.

இதில் பெரிய திருப்பம், எடையை இரண்டு ஓரங்களுக்குக் கொண்டுபோனது. மொபெட்டின் இரண்டு பக்கமும் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஹேண்டில் லேசில் திரும்பாது. அதே கணக்குதான். தலையின் இரண்டு ஓரத்திலும் எடை இருந்தால், பந்து நடுவில் படாமல் தள்ளிப் பட்டாலும் மட்டை முகம் திரும்பாது, பந்து நேராகப் போகும். இது அமெரிக்காவில் ஒருவர் தன் கார் ஷெட்டில் உட்கார்ந்து கண்டுபிடித்தது, இரண்டாம் உலகப் போர் முடிந்து வெகுநாள் கழித்து வந்தது என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட சரித்திரம். எங்கள் தெருக்கோடி வீட்டு மூதாட்டி மோரக் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

3

மோரக்குக்கு எண்பது தாண்டிவிட்டது. வாய் கொஞ்சம் நீளம், மனசு பெரிது. தேவிக்கு நைட் டியூட்டி, எனக்கும் ஷிப்டு என்று நாங்கள் அல்லாடிய காலத்தில் நிலாவை வைத்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். நிலா பேசும் ஆங்கிலம் மோரக்கின் ஆங்கிலம். அந்த வீட்டுக்கு நாங்கள் பட்ட கடன் கொஞ்சமில்லை.

ஒருநாள் ஒரு தலையணை உறைக்குள் சுற்றி ஒரு மட்டையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். மரக் கம்பு. உலோகத் தலை, அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்துப் பழுப்பேறிக் கிடந்தது. தலையின் இரண்டு ஓரமும் தடித்திருந்தது. மொபெட்டின் பால் கேன் கணக்கேதான்.

"இதை என் மாமனார் செய்தார்," என்றார் மோரக். "அந்த அமெரிக்காக்காரனுக்கு முன்னாலேயே."

மாமனார் இந்த ஊர் வார்ப்படப் பட்டறையில், உலோகத்தை உருக்கி அச்சில் ஊற்றும் மோல்டராக இருந்தவர். போர் முடிவதற்குள் இறந்துவிட்டார். மோரக் அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை, எல்லாம் மாமியார் சொல்லிச் சொல்லி வந்த புகழ். மாமனார் கைபட்டால் உலோகம் பேசும் என்பார்கள். மோரக்கின் கணவர் சாண்டியும் உலோகத்தோடு புழங்கியவர்தான், துறைமுகப் படகுப் பட்டறையில் ப்ரொப்பெல்லர் சரிசெய்கிற வேலை. அவர் இறந்த பிறகுதான் நாங்கள் இந்த ஊருக்கு வந்தோம். "அப்பாவின் கையில் பாதிகூட மகனுக்கு வாய்க்கவில்லை" என்று மாமியார் கடைசிவரை சொன்னாராம். மோரக்கும் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

கணக்கு தெளிவாக இருந்தது. மாமனார் போர் முடிவதற்குள் போய்விட்டார். இந்தத் தலையை அவர்தான் ஒரே வார்ப்பாக வார்த்தார் என்று நிரூபித்துவிட்டால், ஓர எடை பட்டர் முதலில் பிறந்தது எங்கள் ஊரில். பழைய கோல்ஃப் மட்டை சேகரிப்பவர்களின் சங்கக் கூட்டத்தில் நான் கட்டுரை படிக்கிறேன் என்று பெயரும் கொடுத்துவிட்டேன். மீன் ஆலைக்காரன் சரித்திரத்தைத் திருத்தப்போகிறான் என்ற நினைப்பில் தூக்கம் வரவில்லை. மோரக்குக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. "பெட்டிக்குள் வைக்கும் அட்டையில் அவர் பெயர் இருக்க வேண்டும். நான் இருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும்," என்றார்.

நிரூபிக்க உலோகத்தைச் சோதிக்க வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு எழுதினேன். ஒரு படிவம் வந்தது. "உங்கள் நிறுவனம்?" என்ற இடத்தில் மீன் ஆலையின் பெயரை எழுதினேன். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து, மீனின் மாதிரியை ஐஸ் பெட்டியில் அனுப்பவும் என்று பதில் வந்தது. திருத்தி எழுதினேன். ஆராய்ச்சி மாணவரா, பேராசிரியரா, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். இரண்டும் இல்லாதவனுக்குக் கட்டமே இல்லை.

அப்போதுதான் ஆரோக்கியம் நினைவுக்கு வந்தான். என்னோடு டிப்ளமா படித்தவன், விழுப்புரத்தில் பழைய பித்தளை, செம்பு மொத்தமாக வாங்கி விற்கிறான். உலோகத்தின் மேல் வைத்து அழுத்தினால் என்னென்ன கலந்திருக்கிறது என்று திரையில் காட்டும் கைத்துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின் வாங்கியிருப்பதாக ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். அக்டோபரில் ஊருக்குப் போவதாக இருந்தது. மோரக்கிடம் கேட்டேன்.

"கொண்டுபோ. தொலைத்தால் நீயும் திரும்பி வராதே," என்றார்.

அருங்காட்சியகத்துக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். எந்தக் காரணத்துக்காகவும் தலையைத் துடைக்கக் கூடாது. பழைய உலோகத்தின் மேல் படிந்த அந்தக் கறைதான் அதன் வயதுக்குச் சாட்சி, அது போனால் மதிப்பு போச்சு. சேகரிப்பாளர்களின் முதல் சட்டம் இது. நான் சிறுபிள்ளையா, எனக்குத் தெரியாதா என்று சொல்லி வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டேன்.

4

தேவிக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் நிலாவும்தான் போனோம். திண்டிவனத்தில் இறங்கிய மறுநாளே விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன். ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ. மட்டையை இரண்டு முழங்காலுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "காலுக்கு இன்னா ஆச்சுப்பா? ஊனிக்கினு நடக்கறதா?" என்று அக்கறையாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்க ஆரம்பித்தால் ஆட்டோ இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிக் கெடார் ஊருக்கே போய்விடும்.

கடை வாசலில் ஒரு வேலையாள் என் கையிலிருந்து மட்டையை வாங்கினார். நான் வாய் திறப்பதற்குள் நேராகத் தராசில் போட்டுவிட்டு, "கம்பைக் கழட்டிட்டுத்தான் எடை போடுவோம் சார்," என்றார். பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

உள்ளேயிருந்து ஆரோக்கியம் சிரித்துக்கொண்டே வந்தான். "டேய் மச்சான், இன்னாடா இது, பித்தளை விக்கவா பிளேன் ஏறி வந்தே?"

விஷயத்தைச் சொன்னேன். அவன் மெஷினைத் தலையின் நடுவில் வைத்து அழுத்தினான். திரையில் செம்பு, தகரம், கொஞ்சம் துத்தநாகம் என்று வந்தது. கன்மெட்டல். பழைய வார்ப்படப் பட்டறைகளில் வழக்கமாகப் புழங்கிய கலவை. மாமனார்தான்! எனக்கு அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது, பிடித்துக்கொண்டேன்.

"அழுக்கு நெறைய இருக்குடா. நல்லா தேச்சிட்டு வந்தேன்னா இன்னும் கரெக்டா காட்டும்," என்றான்.

"தேய்க்கவே கூடாதுடா. அதுதான் சட்டம்."

"பேஜாரு புடிச்ச சட்டமா இருக்கே," என்று சொல்லிவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான்.

அன்றே ஸ்காட்லாந்துக்குப் போன் போட்டேன். மோரக் எடுத்தார். உங்கள் மாமனாரின் கன்மெட்டல்தான் என்று சொன்னேன். மறுமுனையில் அவர் மூக்கைச் சிந்துவது கேட்டது. "அத்தை இருந்திருக்க வேண்டும்," என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டே வந்தேன்.

5

ஆயுத பூஜை அன்று காலையில் அண்ணன் என்னைக் கழனிக்கு அழைத்துப் போய்விட்டார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தார், அதைக் காட்ட வேண்டுமாம். பம்பு செட்டுக்கும் பொட்டு வைக்க வேண்டும். திரும்பி வரும்போது பட்டறை வாசலில் மாவிலை, வாழைக்கன்று எல்லாம் கட்டி ஜோராக இருந்தது. உள்ளே ஒரு பெஞ்சில் சிவப்புத் துணி விரித்து அண்ணனின் தொழில் சாமான் அத்தனையும் வரிசையாக வைத்திருந்தார்கள். ஸ்பேனர், சுத்தியல், மல்டிமீட்டர், செயின் புல்லி, என் லேப்டாப், நிலாவின் போன். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நடுநாயகமாக ஒரு பொருள் தகதகவென்று மின்னிக்கொண்டிருந்தது. கோயிலுக்குப் புதிதாக வாங்கிய மணி என்று நினைத்தேன்.

அது மோரக்கின் மட்டை.

"எப்படிக்கீது தம்பி?" என்று செல்வி அண்ணி முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டார். "எல்லாரு சாமானும் பளபளன்னு இருக்க சொல்லோ, உங்க தொழில் சாமான் மட்டும் கறுகறுன்னு கெடந்தா சாமிக்கு மரியாதையா? புளியும் சாம்பலும் போட்டு, விடியக்காலையிலேர்ந்து நானும் பாப்பாவும் தேச்சிக்கினு இருந்தோம். கை வலி உயிர் போவுது."

நூறு வருடக் கறை! அருங்காட்சியகம், சங்கம், மோரக், எல்லார் முகமும் வரிசையாக வந்துவிட்டுப் போனது. அண்ணியைச் சொல்லிக் குற்றமில்லை. தொழில் செய்கிற கருவியைத் துலக்கிப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டில் எந்த வருடமும் தவறாத காரியம். ஆனால் நிலாவுக்குத் தெரியுமே! துடைக்காதே, தொடாதே என்று நான் வீட்டில் புலம்புவதைக் கேட்டே வளர்ந்தவள்.

"நிலா! உனக்குத் தெரியாதா?" என்று கத்த வாயெடுத்தேன்.

அவள் பாவாடை தாவணியில் இருந்தாள், அண்ணியின் பெண்ணுடையது. விரல் நகமெல்லாம் புளியும் கரியுமாக இருந்தது. "அப்பா, சூப்பரா வந்திருக்குல்ல?" என்றாள். தமிழில். "உங்க மியூசியம் ரூல் எனக்குத் தெரியும். பெரியம்மாகிட்ட சொன்னேன். அது அந்த ஊர் ரூல், இது நம்ம வீடுன்னு சொன்னாங்க. பாயிண்ட் கரெக்ட்தானே?"

நம்ம வீடு என்று அவள் சொன்னதைக் கேட்டதும் கத்த வந்ததை விழுங்கிக்கொண்டேன். பெரியம்மாவோடு குந்திக்கொண்டு விடியற்காலையில் புளி தேய்த்த பிள்ளையை எப்படித் திட்டுவது? உள்ளுக்குள் பற்றி எரிந்தது. ஆனாலும் தீபாராதனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டேன். அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார். பித்தம் என்று சொல்லிவிட்டேன்.

பூஜை முடிந்ததும் நிலா அதைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, இந்த ரெண்டு பக்கம் மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். நடுப்பகுதி செம்மையான நிறம். தடித்த ஓரங்கள் இரண்டும் வெளிர் மஞ்சள். இரண்டும் சேரும் இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு. நகத்தால் தடவிப் பார்த்தேன். பற்றவைத்த கோடு. ஒரே வார்ப்பு இல்லை. சாதாரணத் தகட்டுப் பட்டரின் இரண்டு ஓரத்திலும் யாரோ பிற்பாடு உலோகத் துண்டு வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் கறை அதை மூடி வைத்திருந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. என் கட்டுரை பொரியோடு சேர்ந்து காற்றில் போய்விட்டது. அது போகட்டும். மோரக்கிடம் உங்கள் மாமனார்தான் என்று போன் போட்டுச் சொல்லிவிட்டேனே, அந்த அம்மா அழுதாரே. அதை எப்படித் திருப்பி வாங்குவது?

6

விஜயதசமி முடிந்து கடை திறந்ததும் மறுபடியும் விழுப்புரம் போனேன். ஆரோக்கியம் மட்டையைப் பார்த்துவிட்டு, "இப்பதான்டா இது சாமான் மாதிரி இருக்குது," என்றான். இந்த முறை ஓரத்தில் வைத்து அழுத்தச் சொன்னேன். செம்பு, நிறையத் துத்தநாகம், கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் மாங்கனீசு. தகரம் பேருக்குக்கூட இல்லை. அடுத்த ஓரமும் அதேதான்.

துறைமுக ஊரில் பதினெட்டு வருடம் மோட்டார் பார்த்தவனுக்கு அந்தக் கலவையைத் தெரியாமல் போகாது. உப்புத் தண்ணீர் தாங்குவதற்காகப் படகு ப்ரொப்பெல்லருக்குப் போடுகிற உலோகம். எங்கள் ஊரில் ப்ரொப்பெல்லர் வேலை செய்த இடம் ஒன்றே ஒன்று, துறைமுகப் படகுப் பட்டறை. மட்டையோடு அப்படியே ஒரு பித்தளை அண்டா மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சாண்டி," என்றேன்.

"யார்றா அது?" என்றான் ஆரோக்கியம்.

திரும்பும் நாளில் சென்னை விமான நிலையத்தில் என் பெட்டியை மட்டும் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கூப்பிட்டார்கள். ஊர் போய்ச் சேரும்வரை பொட்டை அழிக்கக் கூடாது என்று அண்ணி சொல்லியிருந்தார், அதனால் மட்டையின் தலையில் சந்தனம் குங்குமம் அப்படியே இருந்தது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய பூஜை சாமான் மாதிரி இருக்கே. எந்தக் கோயிலுது?"

"கோயிலுது இல்லீங்க. ஸ்காட்லாந்துலேர்ந்து நான்தான் கொண்டுவந்தேன்."

"பூஜை சாமானை அங்கேர்ந்து இங்க கொண்டுவந்தீங்களா? பேப்பர் இருக்கா?"

வரும்போது யாரும் கேட்கவில்லை, அதனால் பேப்பர் இல்லை. நான் பட்டரின் சரித்திரத்தை மரத் தலையிலிருந்து ஆரம்பித்தேன். கன்மெட்டல் வருவதற்குள் அவர் பொறுமை போய்விட்டது. நிலா என்னை நகர்த்திவிட்டு, அண்ணி வழிக்குக் கொடுத்த எலுமிச்சம்பழத்தைக் கைப்பையிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். "பாருங்க சார்," என்று மட்டையால் மெதுவாக உருட்டினாள். பழம் கோணலாக ஓடி ஒரு பெஞ்சுக்கு அடியில் போய் நின்றது. அதிகாரி சுற்றும் முற்றும் பார்த்தார். "குடும்மா," என்று வாங்கி அவரும் ஒரு தடவை உருட்டினார். அவருக்கும் கோணல்தான். "பழம் சரியில்ல," என்று சொல்லிவிட்டு எங்களைப் போகச் சொன்னார்.

விமானத்தில் நிலா தூங்கிவிட்டாள். நான் மோரக்கிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஆங்கிலத்தில் யோசித்தால் வாக்கியம் முறைப்பாக வந்தது. தமிழில் யோசித்தால் நன்றாக வந்தது, ஆனால் அவருக்குப் புரியாது.

7

அடுத்த நாளே போனேன். மட்டையை அவர் மடியில் வைத்தேன். பொட்டைப் பார்த்து, "இதென்ன அலங்காரம்?" என்றார். சொன்னேன். துலக்கிவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நன்றாக இருக்கிறது," என்று மட்டும் சொன்னார். அப்புறம் நான் அவர் விரலைப் பிடித்து அந்தக் கோட்டின் மேல் வைத்தேன்.

"இந்த நடுப்பகுதி உங்கள் மாமனார் வார்த்ததாக இருக்கலாம். இந்த இரண்டு ஓரமும் ப்ரொப்பெல்லர் உலோகம். படகுப் பட்டறையில் எடுத்தது. அமெரிக்க மட்டை கடைக்கு வந்த பிறகு, அதைப் பார்த்துச் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். பற்றவைத்த சுத்தத்தைப் பாருங்கள், கறை போகிற வரைக்கும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. நான் முதலில் சொன்னது தப்பு, மோரக். இது உங்கள் மாமனார் கண்டுபிடித்தது இல்லை. ஓர எடை வைத்தவர் சாண்டி."

மோரக் இரண்டு நிறத்தையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு நான் பெரிய துரோகம் செய்துவிட்டது போல எனக்கு இருந்தது.

"அவர் சொன்னார்," என்றார் கடைசியில். "கல்யாணமான புதிதில் ஒருநாள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவின் மட்டையை நல்லதாக்கிவிட்டேன் என்றார். அத்தை, உன் அப்பா சாமான் மேல் கை வைக்காதே என்று கத்தினார். நான் அத்தை பக்கம்தான் பேசினேன். அப்பா வார்த்ததைத் தன்னுடையது என்கிறார் என்று நினைத்து, அப்பா பேரைத் திருடாதே என்றேன். அதற்கப்புறம் அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தார்."

தேநீர் போட எழுந்து போனேன். பால் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் தேடிக்கொண்டு நின்றேன்.

சங்கத்தின் கூட்டத்தில் எழுந்து, சரித்திரம் இருந்தபடியே இருக்கிறது, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் என்று சொன்னேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. புளி எந்தக் கடையில் கிடைக்கும் என்று மட்டும் இரண்டு பேர் ரகசியமாகக் கேட்டார்கள். மட்டையின் மதிப்பு போய்விட்டது என்று அருங்காட்சியகத்துக்காரர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு இரண்டு நிறமும் தெரிகிற மாதிரி விளக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் வைக்கலாம் என்றார்கள். அட்டை எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

நேற்று காலையில், திறப்பதற்கு முன்னால், மோரக்கை அழைத்துப்போய் அட்டையைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவரவில்லை, வாசி என்றார். வாசித்தேன். மேலே மாமனாரின் பெயர், நடுப்பெயர், குடும்பப் பெயரோடு முழுசாக. வார்ப்படம் அவருடையது. அதற்குக் கீழே: ஓர எடைகளைப் பொருத்தியவர், அவர் மகன் சாண்டி.

"அது யார் சாண்டி?" என்றார் மோரக்.

வயசாகிவிட்டதே, மறந்துவிட்டாரோ என்று பயந்தேன்.

"சாண்டி என்பது நான் வீட்டில் கூப்பிட்ட பெயர்," என்றார். "அப்பாவுக்கு மட்டும் முழுப் பெயர் போட்டு, என் வீட்டுக்காரரைப் பையன் மாதிரி எழுதியிருக்கிறாயே. அலெக்ஸாண்டர் என்று எழுது. குடும்பப் பெயரும் போடு. வேலை என்ன என்பதையும் போடு."

அங்கேயே உட்கார்ந்து புது அட்டை எழுதினேன். எழுதி முடிக்கிற வரை அவர் பக்கத்தில் நின்று, தன் கணவரின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.